ஐம்பத்தைந்து நிரம்பாதவள்

ஐப்பசி 12, செவ்வாய்

எங்கள் முதியோர் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டிலும் ஐம்பத்தைந்து வயது நிரம்பியவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. நண்பன் சண்முகம் இறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. அவன் மனைவி கோமதிக்கு நாற்பத்தொன்பது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்பதால், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை இன்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, அவுகளை நாலு வருசம் படுக்கையில வச்சுப் பாத்தேன். அப்பல்லாம் என் வயசை யாரும் கேக்கலையே," என்றாள்.

"விதி அப்படி இருக்கும்மா."

அவள் அழவில்லை. கையெழுத்துப் போட்டாள். "ஆழ்வார்குறிச்சியில அண்ணன்கிட்ட கேட்டுப் பாக்கேன்," என்றாள்.

அந்த விதியை எழுதியதே நான்தான். "புருசன் போனா பொண்டாட்டி இருக்கலாம்னு ஒரு வரி சேத்துக்கிடும் வே," என்று சண்முகம் அன்றே சொன்னான். பிறகு பார்க்கலாம் என்றேன். இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.