மேல்மாடிக்குப் போகும் பக்கக் கதவு

தோர்ண்டன் ஹீத்
3 மார்ச் 2025

அன்புத் தம்பி கிளின்ரனுக்கு,

அக்கா பிறின்சி எழுதுவது. நீயும் மச்சாளும் பிள்ளை கௌசியும் சுகமாக இருப்பீர்கள். நான் சுகமாக இல்லை, காரணம் நீதான். போனில் கதைத்தால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நம் லண்டன் மெதடிஸ்த ஆலயத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கு நீ எழுதிய வரலாற்றை வாசித்தேன். மஞ்சள் செங்கல், வார்ப்பிரும்புத் தூண்கள், நடுவில் பிரசங்க மேடை, அதைச் சுற்றிக் குதிரை லாடம்போல் வளைந்த மேல்மாடி என்று அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். அந்தக் காலத்தில் கீழ் வாங்கு இருக்கைகளைப் பணக்காரக் குடும்பங்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டன, ஏழைகளும் வேலைக்காரரும் மேலே இருந்தார்கள், அவர்கள் கீழே இருப்பவர்களின் கண்ணில் படாமல் ஏறுவதற்கே தெருவிலிருந்து தனிப் பக்கக் கதவு வைத்தார்கள் என்றும் எழுதினாய். வெள்ளைக்காரன் செய்ததை எழுத உனக்குக் கை கூசவில்லை.

அடுத்த பக்கத்தில் என்ன எழுதினாய்? 'தமிழ்ச் சபையாரில் சிலர், பிரசங்க மேடை நன்றாகத் தெரியும் என்பதால் மேல்மாடியை விரும்பித் தெரிந்தெடுத்தனர்.' யாரடா விரும்பினது? அம்மாவா?

ஊரில் சண்டைக்குத் தப்பி இங்கே வந்த முதல் ஞாயிறு அம்மா முன்வாங்கில் போய் அமர்ந்தார். இன்று உன்னோடு மலர் வேலை பார்க்கும் சந்திரகுமாரின் தாய் சிரித்துக்கொண்டே ஊரைக் கேட்டார். ஊரைச் சொன்னதும், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அதையும் அம்மா வெள்ளை மனதோடு சொன்னார். அந்த வாங்கே எழும்பிப் பின்னால் போனது. அடுத்த கிழமை எல்லா வாங்கிலும் கைப்பை வைத்திருந்தார்கள். சந்திரகுமார் வந்து, "அன்ரி, மேலை நல்ல இடமிருக்கு. பக்கக் கதவாலை போங்கோ" என்றார். நீ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மறந்துவிட்டாயா?

முழங்கால் வீங்கின பிறகும் அம்மா அந்தப் படியில்தான் ஏறினார். அதை எழுது. எழுத ஏலாது என்றால் அந்தப் பொய்யையாவது எடு.

உன் அக்கா,
பிறின்சி


ஹவுன்ஸ்லோ
11 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் கௌசிக்கு ஜூனில் கல்யாணம், அதே ஆலயத்தில், அதே சந்திரகுமார் அண்ணையின் மகனோடு. அவர்கள் சம்மதித்ததே பெரிய காரியம். மலரை அச்சுக்குக் கொடுப்பவரும் அவர்தான். இந்த நேரத்தில் நான் என்ன எழுதுவது?

அண்ணையிடம் மெல்லக் கேட்டும் பார்த்தேன். "பழசைக் கிளறாதையும், கிளின்ரன்" என்றார். அன்றைக்கு ஒருவரும் சாதி என்று வாயால் சொல்லவில்லையே அக்கா. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. அவர்களுக்கு ஏன் நஞ்சூட்ட வேண்டும்?

மலர் அப்படியே அச்சாகிறது. கல்யாணத்தன்று நீங்கள் எங்களோடு முன்வாங்கில் இருக்க வேண்டும். வாங்கில் உங்கள் பெயரை எழுதி ஒட்டி வைக்கிறேன். அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அன்புத் தம்பி,
கிளின்ரன்


தோர்ண்டன் ஹீத்
14 மார்ச் 2025

கிளின்ரனுக்கு,

'சம்மதித்ததே பெரிய காரியம்' என்று எழுதினாயே, எழுதிவிட்டுத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பார்த்தாயா? கௌசிக்கு என்ன குறை? டொக்டருக்குப் படித்த பிள்ளை. அவளை ஏற்றுக்கொண்டதற்கு நீ ஏன் கைகட்டி நிற்கிறாய்? அவர்கள் கைப்பையை எப்போதோ எடுத்துவிட்டார்கள். இப்போது அம்மாவின் இடத்தில் கைப்பை வைப்பது நீதான்.

வாயால் சொல்லவில்லையாம். திருவிருந்துக்கு அம்மா முழங்காலிட்டபோது பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போனார்களே, அதற்கு வாய் வேண்டுமா? அம்மா சந்தோஷப்பட்டிருப்பார் என்று இனி எழுதாதே. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணத்துக்கு வருவேன். கௌசி நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளும் அந்தப் பொடியனும் நன்றாக வாழட்டும், அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் முன்வாங்கில் என் பெயரை ஒட்டாதே. கட்டடப் பொறுப்பாளர் நீ, மேல்மாடிச் சாவி உன்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்கு அதைத் திறந்து வை. நான் பக்கக் கதவால் வந்து, அம்மா இருந்த இடத்தில் இருப்பேன்.

சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பெண்ணின் மாமி ஏன் மேலே தனியாக இருக்கிறா என்று சம்பந்தி கேட்பார். நீ பயப்படாதே, மலரில் எழுதியதையே சொல். அங்கேயிருந்தால் பிரசங்க மேடை நன்றாகத் தெரியுமாம்.

பிறின்சி