மூடிய கண்ணிடம் சொன்னது

ஐப்பசி 11, வெள்ளி

விடாத மழை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, ஐசியூ வாசல். இவர் விடியுமுன் மடை திறக்கப் போன இடத்தில் பாம்பு. பாம்பென்றால் படையும் நடுங்குமாம். இவர் டார்ச்கூட எடுத்துப் போகவில்லை.

வாயில் குழாய். மூச்சு மெஷினில். இமை தொங்கி, அடியில் ஒரு கோடு வெள்ளை. என்னைப் பார்க்கிறாரா என்று விரலால் இமையைத் தூக்கினேன். நர்ஸ் ஓடி வந்தாள்.

"தொடாதீங்கம்மா! விஷம் ஏறினதுல இமையைத் திறக்கவும் முடியல, முழுசா மூடவும் முடியல. கருவிழி காஞ்சா புண்ணாயிடும், பார்வையே போயிடும்."

களிம்பு போட்டு, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டினாள். "காது நல்லா கேக்கும். பேசுங்க."

என்னத்தைப் பேச? வீட்டில் பேசியிருந்தால்தானே.

12, சனி

வாங்க: சோப்பு, துண்டு, கொசுவத்தி.

சிங்கப்பூருக்குப் போன். "லீவு கிடைக்கலம்மா. டாக்டர் சொல்றத வாட்ஸப்ல போடு" என்றான் குமரன். ஒரே பிள்ளை. போட்டேன்.

சாயங்காலம் ஐந்து நிமிடம் உள்ளே. இடது கண் சிவப்பு. கருவிழியில் லேசான புண், சொட்டு மருந்து. பார்வை எப்படி என்று முழித்தால்தான் தெரியுமாம். என் விரல் பட்டதோ? குனிந்து காதில் சொல்லிவிட்டேன்: "ஏங்க, குமரன் வந்துட்டான். வெளியில நிக்கிறான்."

விரல் லேசாக அசைந்தது.

13, ஞாயிறு

"ஒருத்தரத்தான் உள்ள விடுறாங்க. அவன் கண்ணாடி வழியாப் பாத்துட்டுப் போனான்." கேட்பவர் கண்ணை ஒட்டி வைத்திருந்தால் புளுகுவது எவ்வளவு சுலபம்!

வராந்தாவில் பக்கத்துப் பாய், பட்டுக்கோட்டைப் பெண். "உங்க கூட யாரும் வரலியாக்கா?" நாளைக்குப் பிள்ளை வருவான் என்றேன். வெளியே நாளைக்கு வருகிறான், உள்ளே நேற்றே வந்துவிட்டான்.

இட்லி இறங்கவில்லை. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தனியாக முடியவில்லை.

15, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. இமை ஆடுகிறதாம், நாளை தாளை எடுப்பார்களாம். நர்ஸுக்கு ஒரே சிரிப்பு. எனக்குப் பயம். கண்ணுக்கு என்ன ஆயிற்றோ. நன்றாக இருந்தாலும், முழித்ததும் பிள்ளையைத் தேடுவாரே.

16, புதன்

தாளை எடுத்து ஈரப் பஞ்சால் துடைத்தாள். இமை பாதி ஏறியது. இடது கண் முன்னே டாக்டர் விரலை ஆட்டினார். கருவிழி கூடவே போனது. பார்வை இருக்கிறது. மாரியம்மா!

"குமரன் சாப்பிடப் போயிருக்கான்" என்றேன்.

கதவுப் பக்கம் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தார். போதும் என்பதுபோல் தலையை ஆட்டினார். என் கையை விடவில்லை.