பொருந்தாத டிரெய்லர்

அண்ணா,

இன்று காலை வேலைக்குப் போகும்போது நகரியத்தின் ஆர்ச் கேட் அருகே ஒரு மீட்புப் படகு என்னைக் கடந்து போனது. மழை எச்சரிக்கை என்பதால் கடலூர்ப் பக்கம் கொண்டுபோகிறார்களாம். முன்னால் ஜீப், பின்னால் டிரெய்லர், அதன்மேல் ஆரஞ்சு நிறப் படகு. டீக்கடையில் நின்றவர்கள் படகைப் பார்த்தார்கள். நான் ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு, ஜீப்பும் டிரெய்லரும் சேரும் இடத்தைப் பார்த்தேன். ஆட்டம் எதுவும் இல்லை. வண்டி கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றதில் வேலைக்குத் தாமதமாகிவிட்டது. நான் வேலை பார்க்கும் ஸ்டோர்ஸில் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என்னிடம் கேட்பதை அவர்கள் விட்டு வெகு நாளாயிற்று.

துபாயில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையை விட்டு நீ திரும்பியபோது, வடக்குத்து வீட்டில் எல்லோரும் உன் பெட்டியைத்தான் பார்த்தார்கள். நீயோ கடலூருக்குப் போய் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாய். தூண்டில் போட ஆசைப்படும் நகரியத்து ஆட்களை விடுமுறை நாட்களில் கழிமுகத்துக்கு அழைத்துப் போகலாம் என்பது உன் திட்டம். ஆட்களும் வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் மினி லாரி பிடித்து, தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுப் படகைத் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது.

"அங்கல்லாம் ஒரு பொம்பள தனியாவே படகை இழுத்துகினு போயி தண்ணில வுடும் பாப்பா. இங்க மட்டும் இன்னாத்துக்கு இவ்ளோ பேரு?" என்பாய்.

அங்கிருந்தே ஒரு புது டிரெய்லரைக் கப்பலில் வரவழைத்தாய். துறைமுகத்திலிருந்து அதை எடுப்பது, இந்த ஊர் விதிக்குத் தக்கபடி விளக்கும் பிரேக்கும் மாற்றுவது, சோதனைக்கு நிறுத்திப் பதிவு எண் வாங்குவது என எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொன்னவன் சம்பந்தம். ஏஜெண்ட் சம்பந்தம். எண் பலகை மாட்டிய டிரெய்லரோடு அவன் வீட்டுக்கு வந்த அன்று நீ அவனுக்கு இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினாய்.

"சோதனைக்கு என்னைக் கூப்பிடவே இல்லைங்களே?" என்று கேட்டாய்.

"எதுக்கு சார் உங்களுக்கு அலைச்சல்? நான் முடிச்சிட்டேன்."

உன் பழைய ஜீப்பின் பின்னால் இரும்புக் குண்டைப் பொருத்தியதும் அவன் ஆட்கள்தான். அந்தக் குண்டின்மேல் கவிழ வேண்டிய டிரெய்லரின் கிண்ணம் அமெரிக்க அளவு, இரண்டு அங்குலம். குண்டு ஐம்பது மில்லிமீட்டர், கிண்ணத்தைவிட ஒரு மயிரிழை சிறியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதுதான் டக் டக்கென்று சத்தம் வந்தது. ஆடுகிறதே என்று நீ போனில் கேட்டாய்.

"புதுசுதானே சார், ஓட ஓட உக்காந்துக்கும்" என்றான்.

வண்டியைத் திரும்ப அவனிடமே கொண்டுபோய் நிறுத்து என்று நான் சொன்னேன். "விடு பாப்பா, நமக்காக அலைஞ்சிருக்காரு. சும்மா சும்மா போயி நின்னா நல்லா இருக்காது" என்றாய்.

அடுத்த முறை படகோடு போகையில், குறிஞ்சிப்பாடி தாண்டி, பாலத்து ஏற்றத்தில் சத்தம் அதிகமாகி நீ ஜீப்பை நிறுத்தியிருக்கிறாய். டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் வைக்கக் குனிந்திருக்கிறாய். கிண்ணம் குண்டைவிட்டுக் கழன்றது. கழன்றால் பிடித்துக்கொள்ள வேண்டிய சங்கிலியின் கொக்கி, அவன் ஆட்கள் வைத்த வெல்டிங்கோடு பெயர்ந்து வந்தது. படகும் டிரெய்லரும் சேர்ந்து உன்மேல் இறங்கின.

சாவுக்கு சம்பந்தமும் மாலையோடு வந்தான். அவன் போட்ட மாலையை உன் மேலிருந்து எடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன். கூட்டம் என்னைப் பைத்தியம் என்று நினைத்தது. அப்போது எனக்கு எதுவும் தெரியாது. சோதனைக்கு ஏன் உன்னைக் கூப்பிடவில்லை என்ற கேள்வி மட்டும் உள்ளே குடைந்துகொண்டிருந்தது.

சோதனைக்குப் போய் நின்றது உன் டிரெய்லரே இல்லை அண்ணா. வடலூர்ப் பட்டறைக்காரர் ஒருவருடைய டிரெய்லரைக் காட்டி அதிகாரியை ஏமாற்றி, உன்னுடையதற்கு எண் வாங்கியிருக்கிறான். அவன் ஆட்களில் ஒருவன் வாய்தவறிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போனேன். அவர் வாயைத் திறக்கவில்லை. லீவு கிடைத்த நாளெல்லாம் போய் வாசலில் உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா, இப்பிடி வந்து வந்து குந்திகினு கீற? யாவாரம் பாக்க வேணாமா நானு?"

"நீங்க போலீசுல சொல்ற வரைக்கும் வருவேங்க."

கடைசியில் சொன்னார். வெறும் விபத்து என்று போட்டிருந்த வழக்கு சம்பந்தத்தின்மேல் திரும்பியது. அவன் உள்ளே போய் ஜாமீனில் வெளியே வந்தான். அலுவலகத்தை மூடி, பெயர்ப்பலகையைக் கீழே இறக்கிய அன்று எதிர்ச்சாரியில் நின்று முழுவதையும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். நீ போனபின் அப்படிச் சாப்பிட்டது அன்றுதான். அவன் மனைவி என் குவார்ட்டர்ஸைத் தேடி வந்து அழுதாள். நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். சமாதானத்துக்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

போன வாரம் நீதிமன்ற வராந்தாவில் அவன் என் முன்னால் வந்து நின்றான். மெலிந்துபோயிருந்தான். சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை. என் பக்கத்தில் அண்ணி இருந்தாள்.

"தெரியாம நடந்துபோச்சும்மா. எல்லாம் போயிடுச்சு எனக்கு. இன்னும் உனக்கு என்னதாம்மா வேணும்?"

"அந்தப் பாலத்து மேட்டுல, அதே வண்டிக்குப் பின்னால, நீங்க ஒரே ஒரு நிமிஷம் குனிஞ்சி நிக்கணும்" என்றேன்.

அவன் சுவரைப் பிடித்தபடி நகர்ந்து போனான். சொன்ன எனக்குக் குரல்கூட நடுங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி, "அவரு இருந்தா உன்ன இப்பிடிப் பேச வுடுவாரா?" என்றாள்.

விடமாட்டாய். என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போயிருப்பாய். அவனை உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் நீ இல்லையே அண்ணா. நீ இல்லாத இடத்தில் நான்தான் இருக்கிறேன். உன் பொறுமையில் ஒரு சொட்டுகூட எனக்கு வரவில்லை, வரவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அடுத்த வாய்தாவுக்கும் லீவு சொல்லிவிட்டேன். அவன் திரும்புகிற பக்கமெல்லாம் உன் ஜாடையில் ஒரு முகம் இருக்கும்.