ஆமை தின்ற வகுப்பு

1994 பெப்ரவரி 7, திங்கள்

சோக்குக்கட்டி இன்றும் இல்லை. காலைப் பள்ளிக்காரர் விட்டுப்போன துண்டுகளைப் பொறுக்கித்தான் எழுதினேன். முல்லைத்தீவுக் கரையிலிருந்து சண்டையால் எழும்பி வந்து நாலு வருடம் ஆகப்போகிறது. இன்னும் இந்தக் குடியேற்றத்திட்டத்துப் பள்ளிக்கூடத்தில், இவர்களுடைய பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, மதியம் ஒரு மணிக்குத்தான் எங்கள் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. கதிரை அவர்களுடையது, கரும்பலகை அவர்களுடையது. மூன்றாம் ஆண்டு மட்டும் எனக்குச் சொந்தம். அதுவும் முப்பத்தொரு வால்கள்.

இன்று வகுப்பு மூலையில் புதிதாக ஒரு சோடாப்பெட்டி. உள்ளே ஓர் ஆமை! முதுகு முழுவதும் மஞ்சள் கோடுகள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நட்சத்திரம் கீறியதுபோல. பெட்டியில் கொப்பித்தாள் ஒட்டியிருந்தது: "பெயர் பூமணி. கண்டெடுத்தவர் ஏ. நிருஷன். சாப்பாடு கீரை, தக்காளி, செவ்வரத்தம்பூ. தொடலாம்." கீழே காலை வகுப்பு சுதாஜினி ரீச்சரின் வடிவான எழுத்து: "மார்கிறட் ரீச்சர், உங்கள் பிள்ளைகளும் பார்க்கட்டும்."

தொடலாம் என்று எழுதியிருக்கக் கூடாது. முப்பத்தொரு பேரும் தொட்டார்கள். கணிதம் நடக்கவில்லை. வீட்டுக்குப் போவதற்குள் அதற்கு வேறு பெயரும் வைத்துவிட்டார்கள்: கப்பல்.

பெப்ரவரி 10, வியாழன்

கப்பல் எங்கள் பிள்ளைகளிடம் சாப்பிடுகிறதில்லை. கிருசாந்தினி வீட்டிலிருந்து பொன்னாங்காணி ஆய்ந்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வருகிறாள். அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "எங்கட சாப்பாடு அதுக்குப் பிடிக்கேல்லையோ ரீச்சர்?" என்று கேட்டாள். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பெட்டிக்குள் பார்த்தால் தக்காளித் தோல். காலை வகுப்பு வயிறு முட்டக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. இரண்டு பள்ளிக்கூடம் வளர்த்தால் எந்த ஆமைதான் பசியோடு இருக்கும்?

பெப்ரவரி 15, செவ்வாய்

சுற்றாடல் பாடத்தில் தராசு செய்தோம். தடி, கயிறு, இரண்டு பனையோலைப் பெட்டி. ஒன்றில் கப்பல், மற்றதில் கல். பதினேழு கல் பாரம். அது ஒன்றும் நடக்காததுபோலத் தலையை நீட்டி வகுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தது. நல்ல நாள்.

பெப்ரவரி 17, வியாழன்

நேற்று விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் நெற்றியில் இன்னும் சாம்பல் இருந்தது.

கட்டுரை எழுதவிட்டேன்: "நான் விரும்பும் விலங்கு." ஜெனோசன் எழுதியது இவ்வளவுதான்: "நான் விரும்பும் விலங்கு சுறா. காரணம் ருசி." சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சுதாஜினி ரீச்சரும் பார்க்கட்டும் என்று கொப்பியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்தேன். நேரம் மாறி மாறி வருவதால் நாங்கள் இருவரும் முகம் பார்த்துக் கதைத்ததே குறைவு. எல்லாம் இந்த அலுமாரி மூலமாகத்தான்.

கிருசாந்தினி ஆமையைப் பற்றி எழுதியிருந்தாள். "கப்பல் எப்பவும் பெட்டியின் ஒரு பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதுக்கு வீட்டை போக விருப்பம்." எழுத்துப்பிழை இல்லை. பத்துக்கு ஏழு போட்டேன்.

பெப்ரவரி 25, வெள்ளி

பெட்டி வெறுமை.

கரும்பலகையில் சின்னப்பிள்ளை எழுத்து: "எங்கட பூமணியைத் திண்டது ஆர்?"

பெப்ரவரி 28, திங்கள்

காலைப் பள்ளி அதிபர் ஐயாத்துரை சேர் ஒரு மணிக்குச் சைக்கிளில் வந்து நின்றார். இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு கதைத்தார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை ரீச்சர். கடற்கரை ஆக்கள் ஆமை தின்னுறவை எண்டு பிள்ளையள் கதைக்குதுகள். சுறாவின்ர ருசியைப் பற்றி உங்கட பிள்ளை ஒண்டு எழுதினதாமே?"

சுதாஜினி ரீச்சர் அதைக் காலை வகுப்புக்கு வாசித்துக் காட்டியிருக்கிறா. எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அன்றைய சிரிப்பு இன்றைக்குச் சாட்சி.

கோபம் வந்தது. பள்ளி விட்டுக் குடிசைக்கு வந்து அக்காவிடம் கொட்டினேன். அவா தேங்காய் துருவிக்கொண்டே, "உனக்கென்ன கோபம்? நீயும் சின்னனில சட்டி வழிச்சுத் திண்டனீதானே?" என்றா. உண்மைதான். அம்மா ஆக்கிய ஆமைக்கறியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் செய்யவில்லை என்று நான் எதை வைத்துச் சொல்வது?

மார்ச் 1, செவ்வாய்

வகுப்பில் கேட்டேன். இரண்டாம் முறை சத்தமாகக் கேட்டேன். கிருசாந்தினி எழுந்து நின்றாள்.

"நான்தான் ரீச்சர். வியாழக்கிழமை வகுப்பைக் கூட்டிப்போட்டுப் போகேக்க கொண்டு போனனான். வெள்ளிக்கிழமை அம்மா கறி வைச்சவா. சாப்பிட்டனாங்கள்."

ஈரத்துணியில் கீரை கொண்டுவந்த பிள்ளை. வளர்க்கவும் தின்னவும் ஒரே கையா? ஏன் இல்லை, கோழியை அப்படித்தானே செய்கிறோம். ஆனாலும் எனக்கு என்னவோபோல இருந்தது. அடிமட்டத்தால் உள்ளங்கையில் ஒன்று போட்டேன். அவள் கையை இழுக்கவில்லை.

மார்ச் 2, புதன்

ஐயாத்துரை சேரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "சொன்னதே பெரிய விஷயம்" என்றார். ஆனால் காலை வகுப்பின் தாய் தகப்பன்மார் கூடிக் கதைத்தார்களாம். அலுமாரி பூட்டு. மூன்றாம் ஆண்டு இனிப் பாலை மரத்தடியில், மறு அறிவித்தல் வரும்வரை.

மரத்தில் முசுறு எறும்பு. பாட்டு நடுவில் ஆளுக்கு ஆள் துள்ளி எழும்புகிறார்கள். தெருவில் போன பெடியன் ஒருவன் "ஆமை தின்னியள்!" என்று கத்திவிட்டு ஓடினான். என் வகுப்பு என்னைப் பார்த்தது. நான் பலகையைப் பார்த்தேன்.

மார்ச் 4, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இன்று பள்ளி தொடங்கமுன் கிருசாந்தினியின் தாய் வந்தா. வயலில் களை பிடுங்கிவிட்டு நேரே வந்திருக்கிறா, காலில் சேறு காயவில்லை. அழவுமில்லை, சத்தம் போடவுமில்லை.

"ஒண்டு கேக்கவேணும் ரீச்சர். தவக்காலத்தில வெள்ளிக்கிழமை என்ர அடுப்பில இறைச்சிச் சட்டி ஏறினதெண்டு ஆரும் நம்பட்டும். நீங்களுமோ?"

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பிள்ளைகளுக்கு முதல் நன்மைக்கு ஞானோபதேசம் படிப்பிப்பவள் நான். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், இறைச்சி ஆகாது என்று பாடமாக்க வைத்தவளும் நான். அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை என்று சொன்னபோது எனக்கு ஏன் உறைக்கவில்லை? ஏனென்றால் நான் ஏற்கெனவே நம்பிவிட்டேன். காலைப் பள்ளிக்காரரைவிட வேகமாக நம்பினேன். வெட்கக்கேடு.

பள்ளி விட்டதும் பிள்ளையை மறித்து வைத்தேன்.

"அப்ப ஆமை எங்க?"

"குளத்தில விட்டனான்."

"ஏன் பிள்ளை?"

"அதுக்கு வீட்டை போக விருப்பம். தண்ணியெல்லாம் கடலுக்குத்தான் போகும் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். துருசடியில, தண்ணி திறந்துவிடுற இடத்தில, விட்டால் வாய்க்காலால போயிடும் எண்டு நினைச்சன்."

"பிறகு?"

"நீந்தேல்லை ரீச்சர். காலை அடிச்சது. பிறகு பிரண்டது. அடிக்குத் தாண்டு போச்சு. நான் இறங்கப் பயந்திட்டன்."

"திண்டதெண்டு ஏன் பொய் சொன்னனீ?"

"தின்னுறது பாவமில்லைத்தானே. எல்லாரும் தின்னுறவை. சும்மா சாக்கொண்டால்தான் பாவம்." பிறகு மெதுவாக, "வெள்ளிக்கிழமை எண்டதை மறந்துபோனன்" என்றாள்.

அவளுடைய உள்ளங்கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒரு அடையாளமும் இல்லை.

மார்ச் 5, சனி

ஆமை நீந்தாதா? எனக்கே தெரியாது! கடலாமையைத்தான் எனக்குத் தெரியும், அது தண்ணீரில் பறக்கும். பக்கத்துக் காணியில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்ற கமலேஸ்வரி அக்காவிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "உந்தக் காட்டாமையோ? குளத்துக்க போட்டால் கல்லுத்தான். இதென்ன கேள்வி?" என்றா. இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதவர்கள் நாங்கள் முப்பத்திரண்டு பேர் மட்டுமே.

இனி என்ன செய்வது?

உண்மையைச் சொன்னால் "தின்னியள்" என்ற பெயர் போகும். மரத்தடியிலிருந்து உள்ளே போகலாம். ஆனால் அந்த நிருஷனுக்கு, தான் கண்டெடுத்த பூமணி துருசடியில் தாண்டது என்று தெரியவரும். அதைத் தாட்டவள் இவள் என்றும் தெரியவரும். எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பெயர் பாரம் குறைவு, தின்றவளா, கொன்றவளா? அவள் தானே யோசித்து ஒன்றைத் தெரிந்துவிட்டாள். நான் அதை மாற்றலாமா?

மாற்றாமல் விடலாமா? மற்ற முப்பது பேரும் தின்னாததுக்குப் பேச்சு வாங்குகிறார்களே. பிழை ஆருடைய? தண்ணியெல்லாம் கடலுக்குப் போகும் எண்டு படிப்பிச்சது ஆர்?

மார்ச் 6, ஞாயிறு

ஞானோபதேசம் முடிந்ததும் கிருசாந்தினி பின்தங்கி நின்றாள்.

"பாவசங்கீர்த்தனத்தில எதைச் சொல்லுறது ரீச்சர்? தாண்டதையோ, திண்டதெண்டு பொய் சொன்னதையோ?"

"ரெண்டையும் சொல்லலாம்" என்றேன்.

"சுவாமியாரிட்டச் சொன்னால் காணுமோ? அந்தப் பெடியனிட்டயும் சொல்லவேணுமோ?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கேள்விக்கு நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்று எந்த ரீச்சர் சொல்வாள்? பதில் தெரியாதவள்.

மார்ச் 7, திங்கள்

சொல்லவில்லை.

மார்ச் 8, செவ்வாய்

சுதாஜினி ரீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன், பிள்ளையின் பெயரில்லாமல், "எங்கள் பிள்ளை ஒன்று" என்று. அதையும் கிழித்தேன். முப்பத்தொரு பேரில் ஆர் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? நான்தானே பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். கொப்பித்தாள் கிடைக்காத காலத்தில் இரண்டு தாள் வீண்.

மார்ச் 9, புதன்

இன்றும் இல்லை. கிருசாந்தினி இப்போது என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் பெரிய கரைச்சலாக இருக்கிறது. வாசிப்புக்கு எழுப்பினால் வாசிக்கிறாள், இருக்கிறாள்.

நான் கோழை. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 10, வியாழன்

மதியம் போனபோது சுதாஜினி ரீச்சர் வீட்டுக்குப் போகாமல் படலையடியில் எனக்காக நின்றா.

"உங்கட பிள்ளை ஒண்டு காலமை எங்கட வகுப்புக்கு வந்தது" என்றா.

காலை எட்டு மணிக்கு வெள்ளைச் சட்டையோடு தனியாக வந்து வாசலில் நின்றாளாம். உள்ளே வரச் சொன்னதும் நேரே கரும்பலகைக்கு முன்னால் போய் நின்று, "நான் தின்னேல்லை. குளத்தில விட்டனான். தாண்டு போச்சு. நீந்தும் எண்டு நினைச்சன்" என்று சொன்னாளாம். ஒரே மூச்சில், பாடமாக்கிக்கொண்டு வந்ததுபோல.

"பிள்ளையள் என்ன செய்தவை?" என்று கேட்டேன்.

"பின் வரிசை வாங்கில இருந்த ஒண்டு 'பொய்' எண்டது. நிருஷன்தான் எழும்பினவன். எந்த இடத்தில விட்டனீ எண்டு கேட்டான். துருசடியில எண்டாள். 'அதில சரியான ஆழம். கரையில விட்டிருந்தாலும் ஏறி வந்திருக்கும்' எண்டு சொல்லிப்போட்டு அழத் தொடங்கியிட்டான். இவள் போகவும் இல்லை. அப்பிடியே நிண்டாள். அவன் அழுது அழுது, பிறகு அரக்கி இருந்து இடம் விட்டான்."

"எங்க?"

"தன்ர வாங்கிலதான். மணி அடிக்குமட்டும் அதில இருந்து கணக்குச் செய்தவள். எட்டில ஆறு சரி."

சுதாஜினி ரீச்சர் முழுதும் சொல்லி முடிக்கும்வரை நான் அவாவின் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், போன பிறகுதான் தெரிந்தது. ஐயாத்துரை சேரிடம் தானே கதைப்பதாகச் சொன்னா. சுறாக் கட்டுரையை வாசித்துக் காட்டியதற்கு மன்னிப்பும் கேட்டா. நான் என்னுடையதைக் கேட்கவேண்டிய ஆளோ, மரத்தடியில் பாயில் கிடந்தாள்.

கிட்டப் போனேன். நித்திரை. விடிய எழும்பி, ஒருவருக்கும் சொல்லாமல் வந்து, நடுவில் சாப்பாடுகூட இல்லாமல் இருந்திருப்பாள். பையைத் தலைக்கு வைத்து, வாய் கொஞ்சம் திறந்தபடி தூங்கினாள். இடாப்பு வாசித்தேன். அவளுடைய பெயர் வந்தபோது ஜெனோசன் அவளைத் தட்டி எழுப்பப் போனான்.

"விடு" என்றேன். "அவள் இண்டைக்கு ரெண்டு பள்ளிக்கூடம் வந்தவள்."