நோயாளிகள் ஜெபத்தில் என் பெயர்

சிவகாசி
14.10.1963

அன்பு மகன் ராஜசிங்குக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகத்தோடும் கொஞ்சம் கோபத்தோடும் இருக்கிற அம்மா எழுதுவது. பிலாயில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் நலமாயிருக்க அன்றாடம் வேண்டுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. கிறிஸ்மஸ் லீவில் வந்து என்னைப் பிலாய்க்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாக எழுதியிருக்கிறாய். என்னைக் கேட்டா எழுதினாய்? பார்சல் எடுக்க வருகிறவன் மாதிரி நாள் மட்டும் குறித்திருக்கிறாய். எனக்குப் புத்தி தடுமாறுகிறது என்று உன் அண்ணன் கிறிஸ்துராஜ் உனக்கு எழுதினானாம். ஒரே வீட்டில் இருக்கிறோம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நடந்ததைக் கேள். போன ஞாயிறு ஆராதனையில் போதகர் நோயாளிகளுக்காக ஜெபித்தார். வரிசையாகப் பெயர் சொல்லி வந்தவர், "மனக்கலக்கத்தில் இருக்கும் சகோதரி இன்பம் டீச்சர்" என்றார். நான் மூன்றாவது பெஞ்சில் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்! கண்ணை மூடியிருந்த சபை முழுக்கக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. பெயர் கொடுத்தது உன் அண்ணன்தான்.

என் நோய் என்ன தெரியுமா? அடுத்த சந்தில் பஞ்சம்மாள் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறேன். அவ்வளவுதான். கூலிகூட அவளுக்கே. "ஹெட்மாஸ்டர் சம்சாரம், பென்ஷன் வாங்குற டீச்சர், பெட்டி ஒட்டுறாகன்னு நான் வேலை பாக்குற பிரஸ்ல சிரிக்கிறாகம்மா" என்று கிறிஸ்துராஜ் குதிக்கிறான்.

உன் அண்ணி இசபெலைக் குறை சொல்லமாட்டேன். தங்கமான மருமகள். ஆனால் அரிவாள்மணையைத் தொட்டால் "நீங்க சும்மா இருங்க அத்தை." குடத்தைத் தொட்டாலும் சும்மா இருங்க. சும்மா இருந்து பார்த்தேனடா! உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போக என்று தெரியவில்லை. வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தில் கண் நிற்கிறது. முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. உன் அப்பா போனபின் ஒரு வருஷம் இப்படித்தான் கழிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வீட்டில் அப்பா பெயரை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் எனக்கு வருத்தம் வருமாம். நீயும்தான், கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டாய். பஞ்சம்மாளுக்கு இந்த நாகரிகமெல்லாம் தெரியாது. பசை தடவிக்கொண்டே, "சார்வாளுக்குக் கோவம் வந்தா என்ன செய்வாக டீச்சர்?" என்று கேட்டாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோழிக்கூண்டைக் கழுவப் போய்விடுவார் என்றேன். அங்கிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். யாரும் என்னைத் தேற்றவில்லை. ஒருத்தி மட்டும் ஒட்டவேண்டிய பெட்டிகளை என் பக்கம் தள்ளிவிட்டாள். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

பஞ்சம்மாள் இருக்கன்குடி மாரியம்மனை எதிர்வீட்டுக்காரியைத் திட்டுவது போலத் திட்டுவாள். "எம்புட்டு நாளாக் கேக்கேன், எம் மகளுக்கு ஒரு வழி காட்ட மாட்டியா?" என்பாள். அதைக் கேட்டுக் கேட்டு, என் ஆண்டவரிடம் நானும் கொஞ்சம் கோபித்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. கோபித்துக்கொண்டேன். அதன்பிறகு ஜெபம் வருகிறது. இதை அண்ணனுக்கு எழுதிவிடாதே, அதற்கும் ஒரு ஜெபம் வைத்துவிடுவான்.

மழை தூறியது. எழுந்துபோய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு வந்தேன். எங்கே விட்டேன்? பிலாய். நீங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு நான் யாரோடு பேசுவேன்? எனக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அங்கேயும் சும்மா இருங்க என்றுதான் சொல்வீர்கள், இன்னும் அன்பாக. எனக்குப் பயமாயிருக்கிறது, ராஜா.

அண்ணனோடு சண்டை போடாதே. அவன் கெட்டவனில்லை, ஊருக்குப் பயந்தவன். பிள்ளைகளுக்கு என் முத்தம். ஆண்டவர் உன் வீட்டில் ஒரு குறையும் வைக்காதிருப்பாராக.

கிறிஸ்மஸுக்கு அவசியம் வா. என்னைக் கூட்டிப்போக வராதே, மகனே, பார்க்க வா. ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து, உன் அப்பாவைப் பற்றி என்னிடம் ஏதாவது கேள்.

உன் அம்மா,
இன்பம்