வெயில் எப்படி என்று கேட்டேன்

குளுவாங்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சுகுமாறன்,

நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். உங்கள் கம்பெனி செபஸ்தியன் விடுமுறை முடிந்து புதன்கிழமை தோஹா திரும்புகிறார். நெத்திலிச் சம்பால் பாட்டிலோடு இதையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சமையலறைக் கூரை இப்போது ஒழுகவில்லை. நம் மகள் லோஷினி தேர்வை நன்றாக எழுதியதாகச் சொல்கிறாள். முடிவு வரட்டும்.

போன வாரம் கிளினிக்கில் ஒரு தவறு செய்தேன். ஐயாசாமி என்று ஒரு பெரியவர், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். வயிற்றுவலி என்று மகள் அழைத்து வந்தாள். படுக்க வைத்து, ஒவ்வோர் இடமாக அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்லீங்க, இல்லீங்க" என்றே வந்தார். வலப்பக்கம் அடிவயிற்றில் கை வைத்ததும், "டாக்டரம்மா, ஐயா இன்னும் வெளிநாட்டுலதான் இருக்காங்களா?" என்றார். ஆமாம் என்றேன். உங்கள் பேச்சு வந்ததும் கவனம் சிதறி, கையை எடுத்துவிட்டேன். வாயுவுக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் குடல்வால் வெடிக்கும் நிலையில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை. பிழைத்துக்கொண்டார். பார்க்கப் போனபோது, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "டாக்டர் முன்னுக்குக் கத்துனா நல்லாவா இருக்கும்? அதான் பேச்ச மாத்துனேன்" என்றார். "ஊசி போடுறப்ப நர்ஸ்கிட்ட மீன் வெல கேப்பாரு லா" என்றாள் மகள்.

இருபத்திரண்டு வருடமாக நோயாளிகள் சொல்லும் 'இல்லை'யை நான் முழுதாக நம்பியதில்லை. அவர்கள் கேட்கும் கேள்வியையும் நம்பக்கூடாது என்று இப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை போனில், ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கலாமா, உனக்குப் பரவாயில்லையா என்று கேட்டீர்கள். அங்கே வெயில் எப்படி என்று நான் கேட்டேன். நாற்பத்து மூன்று டிகிரி என்றீர்கள். சரி என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இதற்கென்றே படித்த நானே தவறவிட்டேன்.

கையெழுத்து மாதக் கடைசியில்தானே. அதற்குள் ஒருமுறை கூப்பிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். நான் வெயிலைப் பற்றியோ சம்பாலைப் பற்றியோ பேசினால், பதில் சொல்ல வேண்டாம். கையையும் எடுத்துவிடாதீர்கள்.

நலமா என்பதை அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள்
செல்வராணி