அறுக்காத ஆஸ்பத்திரி

பிப்ரவரி 6, வியாழன்

தோழி தேவிப்ரியாவைப் பார்க்கப் போனேன். குழந்தை பிறந்து ஒரு மாசம் ஆகப் போகிறது, ஆபரேசன் தையலில் இன்னும் சீழ். எழுந்து உட்கார அவள் சுவரைப் பிடித்த பிடி கண்ணை விட்டுப் போகவில்லை. எனக்கு எட்டாம் மாசம்.

பிப்ரவரி 10, திங்கள்

பிள்ளை பெற்றவர்களை எல்லாம் விசாரிக்கிறேன். நாமக்கல் ரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் பத்துக்கு ஏழு பேருக்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். இங்கே கடைவீதி ஆஸ்பத்திரியில் பத்துக்கு ஒன்றுகூட இல்லை. “டாக்டரம்மா கத்தியே எடுக்காதுங்க” என்கிறார்கள். அப்புறம் என்ன யோசனை?

பிப்ரவரி 11

அத்தையும் கடைவீதிக்கே சரி என்றார். இவர் போர் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில். போனில், “உனக்கு எது தைரியமோ அங்கயே போ சாமி.” சரிங்க என்று போனை வைத்தேன். எனக்கு எதுவுமே தைரியமாக இல்லை.

பிப்ரவரி 23

குழந்தை அசையாவிட்டால் பயம். அசைந்தால் அதுவும் பயம்.

மார்ச் 12, புதன்

இப்போதுதான் எழுத முடிகிறது. வெள்ளிக்கிழமை காலையில் வலி எடுத்து, கடைவீதிக்கே போனோம். மத்தியானம் நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்தாள், நகர்த்தினாள், மறுபடி வைத்தாள். டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள். அவர் வந்து வைத்துப் பார்த்தார்.

“குழந்தைக்குத் துடிப்பு குறையுதும்மா. உடனே ஆபரேசன் பண்ணணும். இங்க மயக்க மருந்து டாக்டர் இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.”

“இத முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா?” அத்தை கத்தினார்.

“இந்த மாதிரி கேஸெல்லாம் அங்கதாம்மா அனுப்புவோம்.”

ஆம்புலன்ஸில் வயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அசைவில்லை. ஒதைச்சுக் காட்டு சாமி, ஒரே ஒருக்கா — எந்தக் கத்திக்குப் பயந்தேனோ அது சீக்கிரம் வந்து சேரட்டும்னு வேண்டிக்கிட்டே போனேன்.

இறங்கின உடனே தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். அழுதாள் என்கிறார்கள். நான் கேட்கவில்லையே? என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார்களா?

மார்ச் 13

பக்கத்துக் கட்டில்காரிகளிடம் பேச்சுக் கொடுத்தேன். மூவருமே வேறு வேறு ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து கடைசி நேரத்தில் அனுப்பப்பட்டவர்கள். இங்கே பத்துக்கு ஏழு ஆகாமல் என்ன செய்யும்?

மார்ச் 16

இன்று பால் குடித்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எதிர்வீட்டு ரஞ்சிதா வந்திருந்தாள். முழுகாமல் இருக்கிறாள், ஆறு மாசம். முகமெல்லாம் பயம்.

“ஏனுங்க்கா, கடைவீதி ஆஸ்பத்திரில இந்த வருசம் ஒருத்தருக்குக்கூட அறுக்கலையாமா. நெசந்தானுங்களா?”

“நெசந்தான்” என்றேன்.

பாப்பாவை அவள் மடியில் கொடுத்துவிட்டு, சேலையை ஒதுக்கித் தழும்பைக் காட்டினேன்.

“இது அவங்க கணக்குல வராது.”